நான்கு நிமிட உறுப்பினர்

மூடிய கூட்டம் என்றால் கதவை மூடிக்கொண்டு பேசுவது என்று நினைக்கிறவர்கள் எந்த வாரியத்திலும் குப்பை கொட்டாதவர்கள். எங்கள் மருத்துவமனை வாரியத்தில் கதவை மூடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஏழு உறுப்பினர்களின் கைப்பேசிகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் சாவியை இன்னொரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். திரைகளை இழுத்துவிட வேண்டும். கதவில் இருக்கும் கண்ணாடிச் சதுரத்தின் மேல் போன வருடக் காலண்டரை ஒட்ட வேண்டும். குப்பைக் கூடையைத் தலைவரிடம் சாய்த்துக் காட்ட வேண்டும். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, அதில் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று தலையாட்டுவார். பிறகுதான் கதவு.

இத்தனையும் செய்வது நான். வாரியக் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதும் எழுத்தர். பதினான்கு வருடமாக இதே வேலை, இதே நாற்காலி. அதில் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அண்டை கொடுத்திருக்கிறேன்.

டீ கொண்டு வருபவர் கதவைத் தட்டினால் பேச்சு அப்படியே அந்தரத்தில் நிற்கும். அவர் ஏழு கோப்பையையும் வைத்துவிட்டுப் போகும்வரை எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். வெளியே மழை கொட்டினாலும் வெயில்தான். அப்படி ஒரு தீர்மானம் இருக்கிறது, நான்தான் எழுதினேன்.

இதுகூடப் பரவாயில்லை. வாக்கெடுப்பு வந்தால்தான் கூத்து. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று மினிட்ஸில் பதிய வேண்டும் என்பது விதி. பதிந்தால் ஒருநாள் வெளியே வந்துவிடும் என்பது உறுப்பினர்களின் பயம். இரண்டுக்கும் நடுவில் வக்கீல் உறுப்பினர் ஒரு வழி கண்டுபிடித்தார். எழுதுகிறவன் பார்த்தால்தானே எழுதுவான்? ஆகவே தலைவர் "வாக்கெடுப்பு" என்றதும் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சட்டைகள் சரசரக்கும். யாராவது இருமுவார்கள். "நிறைவேறியது" என்று தலைவர் குரல் வரும். நான் உட்கார்ந்து, "விவாதித்துத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவேன். அந்தச் சுவரை நான் பார்த்த அளவுக்கு என் கல்யாண ஆல்பத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருள் இரண்டே வரி. கிழக்குக் கட்டடத்தில் உள்ள டயாலிசிஸ் பிரிவை முப்பது நாளில் மூடுவது. அந்த இடத்தில், பேச்சு வெளியே கேட்காத புதிய கூட்ட அறை ஒன்று கட்டுவது.

அந்தப் பிரிவில் மூன்றாவது கட்டிலில் என் அக்கா வீட்டுக்காரர் படுத்திருப்பார். மாமா. பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தோடுதான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த இயந்திரம் பஸ்ஸில் மூன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் நாற்பது பேர். ஆக மொத்தம், அந்த இரண்டு வரியில் மூடப்படுவது எது என்று எனக்குத் தெரியும்.

"வாக்கெடுப்பு" என்றார் தலைவர்.

எழுந்தேன். திரும்பினேன். சட்டைகள் சரசரத்தன. பேராசிரியை உறுப்பினரின் கண்ணாடி வளையல்கள் குலுங்குவது நன்றாகவே கேட்டது. "நிறைவேறியது." உட்கார்ந்து எழுதினேன். எழுத்து எப்போதும்போல் குண்டு குண்டாக அழகாக வந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனால் அதுவும் லேசாகத்தான்.

மறுநாள் பிரிவின் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாருடா கை தூக்கினது?"

"தெரியாதுக்கா."

"நீ உள்ளதானே இருந்த?"

"இருந்தேன். சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சுவத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. சுவருதான்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சின்ன வயசில் நான் பொய் சொன்னால் அப்படித்தான் பார்ப்பாள். இந்த ஒரு தடவை நான் சொன்னது நிஜம், அது பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

அக்கா அழுதுவிட்டு ஓய்கிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசையே தூக்கிப் பார்க்கிறவள். வாரியத்தின் விதிப்புத்தகத்தை எங்கிருந்தோ பிடித்துவிட்டாள். அதை வாரியத்தில் யாரும் படித்ததில்லை. அவள் இரண்டு நாளில் படித்து முடித்து, நாற்பத்தோராம் விதியில் விரலை வைத்தாள். எந்தத் தீர்மானத்தையும் அது அமலுக்கு வருவதற்குள் மறுபரிசீலனை செய்யலாம். ஆனால் அதை ஆதரித்து வாக்களித்த உறுப்பினர் ஒருவர்தான் முன்மொழிய வேண்டும்.

"ஒருத்தர் போதும்டா," என்றாள். "ஆதரிச்ச ஒருத்தரக் கண்டுபிடிச்சு, கால்ல விழுந்தாவது மனச மாத்திடுவேன். பேரு மட்டும் வேணும்."

முதலில் மினிட்ஸ் நகல் கேட்டு மனுப் போட்டாள். மூடிய கூட்டத்தின் குறிப்பை வெளியாருக்குத் தரும்போது ரகசியமானதைக் கறுப்பு மையால் அடித்துத் தர வேண்டும். அடித்தவனும் நான்தான். இரண்டு மார்க்கர் தீர்ந்தது. மிச்சம் இருந்தது "தலைவர் அனைவரையும் வரவேற்றார்" என்பதும் "கூட்டம் இனிதே முடிந்தது" என்பதும்தான். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இனிதேங்கிறது வேணுமா? எதுக்கு வம்பு?" என்று அதையும் அடிக்கச் சொன்னார்.

பிறகு அக்கா ஏழு உறுப்பினர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

பேராசிரியை இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். "உங்களுக்காக உள்ள நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா? எதிர்த்துத்தாம்மா ஓட்டுப் போட்டேன். ஆனா இத நீங்க வெளிய சொல்லக் கூடாது, ரகசியம்."

கட்டட ஒப்பந்தக்காரர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு மாசமாக் கையத் தூக்கவே முடியலம்மா. நான் எப்படி ஆதரிச்சிருக்க முடியும், நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு, புது அறைக்கான வரைபடத்தை அந்தக் கையாலேயே பரணில் எடுத்து வைத்தார்.

பல் டாக்டர் நேரடியான மனிதர். "நான் எதிர்ப்பு. எழுதிக்குங்க. ஆனா அதை எழுத்துல கேட்டீங்கன்னா நான் எதிர்க்கவே இல்லைன்னு எழுதித் தருவேன்" என்றார்.

வக்கீல் தத்துவம் பேசினார். "பாருங்கம்மா, பேர எழுதினா மனுஷன் பயந்துடுவான். பயந்தா நியாயமா ஓட்டுப் போட மாட்டான். அதனாலதான் ரகசியம். நான் அன்னிக்கு ரொம்ப நியாயமா நடந்துக்கிட்டேன். உங்க பக்கம்தான்."

மீதி இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அதில் ஒருவர் கூட்டம் முழுக்கத் தூங்குகிறவர். அவர்கூடத் தான் எதிர்த்ததாக நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

கடைசியில் தலைவர். அக்கா நோட்டை விரித்து வைத்தாள். "ஐயா, ஆறு பேரும் எதிர்த்தோம்னு சொல்லிட்டாங்க. நீங்க?"

"நானும்தாம்மா எதிர்த்தேன்."

"அப்ப ஏழு பேரும் எதிர்த்தீங்க. பின்ன எப்படிய்யா நிறைவேறுச்சு?"

தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. முப்பத்தைந்து வருடம் பதில் சொல்லாமலே பதில் சொன்னவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏழு பேரும் ஒரே மாதிரி ஓட்டுப் போட்டோம்ல? அதுக்குப் பேரு ஏகமனது. ஏகமனதா வர்ற எந்தத் தீர்மானமும் இந்த வாரியத்துல தோத்ததே இல்லம்மா."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மாமாவுக்கு அன்றைக்குக் கால் வீக்கம் அதிகமாக இருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது என்றாள்.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். மருத்துவமனை வாரியங்களையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. கிணற்றில் போட்ட கல் என்றுதான் நான் நினைத்தேன். தீர்மானம் நிறைவேறிய இருபத்தோராம் நாள் கடிதம் வந்துவிட்டது. ஏழாவது பொருள்மீதான வாக்குகளைப் பெயரோடு மினிட்ஸில் பதிந்து, பிரிவின் கதவில் ஒட்ட வேண்டும். பெயரே இல்லாத வாக்கெடுப்பு செல்லாது. உடனே அமல்.

வாரியம் ஆடிப்போய்விட்டது. இருபத்து நான்காம் நாள் காலை அவசர மூடிய கூட்டம். அன்றைக்குக் குப்பைக் கூடையை இரண்டு தடவை காட்டச் சொன்னார்கள்.

தலைவர் தொடங்கினார். "வெளிப்படைத்தன்மைக்கு நான் எதிரி இல்ல. அதோட அருமை தெரிஞ்சதாலதான் அதை இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படாமப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"பேரு எழுதணும்னுதானே சொல்லியிருக்காங்க?" என்றார் பல் டாக்டர். "உறுப்பினர் ஒண்ணு, உறுப்பினர் ரெண்டுன்னு எழுதிட்டா?"

"அது நம்பர்," என்றார் வக்கீல். "பேரு கேக்கறாங்க."

"நம்ம அப்பா பேர எழுதிட்டா?" என்றார் ஒப்பந்தக்காரர். இதை ஒரு கால் மணி நேரம் உண்மையாகவே விவாதித்தார்கள். தன் அப்பா ஊரறிந்தவர் என்பதால் அது நியாயமில்லை என்று பேராசிரியை ஆட்சேபித்தார்.

அப்போது டீ வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினோம்.

டீ போனதும் வக்கீல் என்னைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"கடிதத்துல பேருன்னுதான் இருக்கு. எத்தனை பேருன்னு இல்ல. ஒரு பேரு இருந்தா வாக்கெடுப்பு செல்லும். இந்த ரூம்ல பேரு வெளிய தெரிஞ்சா கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்லாத ஆளு ஒருத்தர் இருக்காரு."

தீர்மானம் ஐந்தே நிமிடத்தில் தயார். நான் தற்காலிக உறுப்பினராகச் சேர்க்கப்படுவேன். ஏழாவது பொருள் மறுபடி வாக்குக்கு வரும். நான் ஆதரித்துக் கை தூக்குவேன். என் பெயர் பதியப்படும். மற்றவர்கள் வாக்கு, "ரகசியம் கருதிப் பதியப்படவில்லை." பிறகு நான் உறுப்பினர் பதவியிலிருந்து விடுவிக்கப்படுவேன்.

"நான் எதிர்த்தா?" என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"தாராளமா எதிர்க்கலாம்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஜனநாயகம். ஆனா எதிர்த்தவங்க ஏற்கனவே ஏழு பேர் இருக்கோம். நீங்களும் எதிர்த்தா எட்டு. அப்பவும் ஏகமனதுதான்."

எனக்கு அந்த நேரம் அக்காவின் விரல் ஞாபகம் வந்தது, நாற்பத்தோராம் விதியில் வைத்த விரல். ஆதரித்து வாக்களித்த ஒருவர்தான் முன்மொழிய முடியும். அந்த ஒருவரைத்தான் அவள் இருபது நாளாக ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருவராக நானே ஆகிவிட்டால்? இவர்கள் கொடுக்கும் கயிற்றாலேயே இவர்களைக் கட்டிவிடலாம். வாழ்க்கையில் முதன்முறையாக என் புத்தி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்தது, அதுவே சந்தோஷமாக இருந்தது.

"சரிங்க சார்," என்றேன்.

பதினொன்று ஆறுக்கு உறுப்பினரானேன். கை தட்டினார்கள். "வாக்கெடுப்பு" என்றார் தலைவர். பழக்க தோஷத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். "இங்க, இங்க," என்று திருப்பி நிறுத்தினார்கள். மாமாவின் கட்டிலை மூடுவதற்காக வலது கையைத் தூக்கினேன். ஏழு பேரும் என் கையையே பார்த்தார்கள். பதினொன்று பத்துக்கு என்னை விடுவித்தார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன், நேரத்தோடு, ஒரு புள்ளி விடாமல்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவள் வாயிலிருந்து வக்கீல் காதுக்குப் போனால் காரியம் கெட்டுவிடும். கதவில் ஒட்ட வேண்டிய அறிவிப்பைத் தட்டச்சு செய்ய நாளாகும் என்று சாக்குச் சொல்லி முப்பதாம் நாள்வரை இழுத்தேன். நடுவில் அவள் இரண்டு தடவை வந்து, "ஏதாச்சும் தெரிஞ்சுதாடா?" என்று கேட்டாள். மென்று முழுங்கினேன்.

மறுபரிசீலனை மனுவை நானே எழுதி, நானே பெற்றுக்கொண்டு, நானே முத்திரை குத்தினேன். அடுத்த கூட்டம் முப்பதாம் நாள் காலைதான். மனுவை வாசித்தேன். "மேற்படித் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தவன் என்ற முறையில், நாற்பத்தோராம் விதியின்படி, அதை மறுபரிசீலனை செய்ய முன்மொழிகிறேன்."

தூங்குகிறவர்கூட விழித்துக்கொண்டார்.

"ஆதரிச்ச ஒரே ஆளே மனசு மாறிட்டாருன்னா யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றார் தலைவர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

"யோசிக்கலாம்," என்றார் வக்கீல். "ஆனா முன்மொழியறவர் உறுப்பினரா இருக்கணுமே. தம்பி, நீங்க உறுப்பினரா?"

"இருந்தேன் சார்."

"எப்பலேருந்து எப்பவரைக்கும்? மினிட்ஸப் பாத்துச் சொல்லுங்க."

புரட்டினேன். "பதினொண்ணு ஆறுலேருந்து பதினொண்ணு பத்து வரைக்கும்."

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"ரொம்பத் துல்லியம்," என்றார் பல் டாக்டர் மெச்சி.

"அப்ப நான் போட்ட ஓட்டும் செல்லாதுல்ல?" என்றேன்.

"அது எப்படி? பதவிதான் தற்காலிகம். ஓட்டு நிரந்தரம்," என்றார் வக்கீல்.

நான் ஏழு பேரையும் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. "சார், மேடம், உங்கள்ல யாராவது ஒருத்தர் முன்மொழிஞ்சாப் போதும். ஒரே ஒருத்தர். பதினாறு பேர் அங்க படுத்திருக்காங்க. அதுல ஒருத்தர் எங்க மாமா."

பேராசிரியை கைக்குட்டையை எடுத்தார். ஒப்பந்தக்காரர் தோளைத் தடவிக்கொண்டார். வக்கீல்தான் பேசினார், ரொம்ப மென்மையாக.

"எங்களுக்கும் ஆசைதான் தம்பி. ஆனா முன்மொழியணும்னா ஆதரிச்சிருக்கணும். நாங்க யாரும்தான் ஆதரிக்கலையே. உங்க அக்காவக் கேட்டுப் பாருங்க, நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க."

"எங்க ஏழு பேருக்கும் இதுல ரொம்ப வருத்தம்," என்றார் தலைவர். "உங்க ஒருத்தரோட ஓட்டால வந்த வினை. போகட்டும், விடுங்க. மினிட்ஸ்ல வருத்தம் தெரிவிச்சதாப் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன்.

அறிவிப்பை அதற்குமேல் இழுக்க முடியவில்லை. மத்தியானம் நானே போய் டயாலிசிஸ் பிரிவின் கதவில் ஒட்டினேன். உள்ளே இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கட்டிலில் படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு அட்டைப் பெட்டியில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் பதினாறு குடும்பங்களிலிருந்தும் யாராவது ஒருவர் இருந்தார்கள். மாமாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அக்கா பின்னால் நின்றிருந்தாள். ஒரு கிழவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிவிப்பைச் சத்தமாகப் படித்தார். ஆதரவு: ஒருவர். அதன் கீழே என் முழுப் பெயர், பதவி, கையெழுத்து. மற்ற ஏழு வாக்குகளும் ரகசியம் கருதிப் பதியப்படவில்லை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடித்திருக்கலாம். பாவிகள், ஒருத்தராவது அடித்திருக்கலாம். மாமா குனிந்து தன் கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கிட்டே வந்தாள்.

"கை தூக்கினியா?"

"தூக்கினேன்கா."

நாற்பத்தோராம் விதியைச் சொன்னேன். பதினொன்று ஆறு, பதினொன்று பத்து, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஏழு பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினாள். ஏழு பெயருக்கும் எதிரில் "எதிர்த்தார்" என்று இருந்தது. எனக்கு எதிரில் "ஆதரித்தார்" என்று எழுதினாள்.

"முப்பது நாளா எட்டு வீடு ஏறி இறங்கிட்டேன்," என்றாள். "நீ ஒருத்தனாவது உண்மையச் சொன்னியே."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவின் நாற்காலியை பஸ் நிற்கும் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.